பூசையில் மணி அடிப்பது எதற்கு, அடிக்காவிட்டால் என்ன ஆகும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சி.எஸ்.ஐ. குடும்பத்துக்காரர். நண்பரின் கல்யாணப் பூசைக்காகக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார். பாதிப் பூசையில் பீடத்தருகே முழந்தாளிட்டிருந்த பையன் ஒருவன் கைமணியை அடிக்க, கோயிலில் எல்லாரும் தலை குனிந்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தில் பூசை பார்த்தபோது மணியே இல்லை. 'மணி எதற்கு? அடிக்காமல் விட்டால் பூசை குறைபடுமா? இந்துக் கோயிலில் தீபாராதனைக்கு அடிக்கும் மணியைப் பார்த்து நம் ஊரில் சேர்த்துக்கொண்டதா?' என்பது அவர் கேள்வி. மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த மணி வழிபாட்டின் ஓர் உறுப்பா, அல்லது வழிபாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு துணையா?

துணைதான். பூசை செல்லுபடியாவதற்கும் மணிக்கும் சம்பந்தமில்லை. அப்பமும் இரசமும் இருக்க வேண்டும், திருநிலை பெற்ற குரு இருக்க வேண்டும், அவர் 'இது என் உடல்', 'இது என் இரத்தம்' என்ற வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். மணி உடைந்து கிடந்தாலும் பையன் தூங்கிப்போனாலும் எதுவும் குறைவதில்லை. ஆனால் 'அவசியமில்லை' என்பதை 'அர்த்தமில்லை' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுக்க. நான் குரு அல்ல. திருவழிபாட்டு வரலாற்றைக் கொஞ்சம் முறையாகப் படித்தவன், பல வருடங்களாகப் பங்கில் பீடச்சிறுவர்களைப் பழக்குகிறவன், அவ்வளவுதான். இலத்தீன் முறை எனக்கு நன்றாகத் தெரியும். சிரிய முறைகளை வெளியாளாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் இன்றைய விதி. உரோமைத் திருப்பலி நூலின் முன்பகுதியில் பூசையை எப்படி நடத்துவது என்று விளக்கும் பொதுப் படிப்பினை இருக்கிறது. அதன் 150ஆம் எண் சொல்வது இதுதான்: அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாக மாறும் வார்த்தைகளுக்குச் சற்று முன்னால், பொருத்தமாக இருந்தால், பணியாளர் மணியடித்து மக்களுக்கு அடையாளம் காட்டுவார், பிறகு குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது, அந்தந்த ஊர் வழக்கப்படி, மீண்டும் அடிப்பார். 'பொருத்தமாக இருந்தால்', 'ஊர் வழக்கப்படி' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். கட்டாயம் இல்லை, தடையும் இல்லை. இதைக் குறித்து 1972இல் உரோமையின் திருவழிபாட்டுத் துறை இதழில் ஒரு விளக்கம் வந்தது. நீண்ட காலம் பயிற்சி பெற்ற ஒரு சிறு குழு, உதாரணமாகத் துறவற சபை ஒன்று, மணி இல்லாமலே கவனத்தோடு பங்கெடுக்கக்கூடும். ஆனால் பலதரப்பட்டவர்களும் புதியவர்களும் வரும் பங்குக் கோயிலில் அப்படி நினைக்க முடியாது, அங்கே உயர்த்திக் காட்டும் இரண்டு வேளையிலாவது வழக்கமாக மணி அடிக்க வேண்டும் என்றது அது. நீங்கள் பார்த்த வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான். கல்யாணக் கோயிலில் மணி ஒலித்ததும் கன்னியர் மடத்தில் ஒலிக்காததும் இரண்டுமே முறைப்படி சரி.

இனி வரலாறு. முதல் ஆயிரம் வருடங்களில் பூசையின் நடுவில் மணி அடித்ததற்குச் சான்று இல்லை. அன்றைக்கு அப்பத்தை உயர்த்திக் காட்டும் சடங்கே இல்லை. அந்த வார்த்தைகள் அடங்கிய நீண்ட செபமான நற்கருணை மன்றாட்டின் இறுதியில் அப்பத்தையும் கிண்ணத்தையும் சேர்த்துத் தூக்குவது மட்டும் இருந்தது. 1200ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் ஆயராக இருந்த ஓடோ தெ சுல்லி தம் குருக்களுக்கு ஓர் ஆணை போட்டார். 'இது என் உடல்' என்று சொல்லி முடிக்கும்வரை அப்பத்தை மார்பளவில் பிடித்திருங்கள். சொல்லி முடித்த பிறகே எல்லாரும் பார்க்கும்படி உயர்த்துங்கள் என்றார். ஏன் இந்த ஆணை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. அப்பத்துக்குரிய வார்த்தைகளைச் சொன்னதுமே மாற்றம் முடிந்துவிடுகிறதா, இரசத்துக்கும் சொன்ன பிறகுதானா என்று அப்போது பாரிஸில் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்த ஆணை என்பது ஒரு கட்சி. மாறாத அப்பத்தை மக்கள் அவசரப்பட்டு வணங்கிவிடக் கூடாது என்ற கவலைதான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் நேரடியாகப் படுகிறது. ஆணையின் வாசகமே அந்தக் கவலையைத்தான் காட்டுகிறது.

உயர்த்திக் காட்டுவது வந்ததும் பின்னாலேயே மணி வந்தது. 13ஆம் நூற்றாண்டின் முதல் வருடங்களில் போப்பின் தூதராக ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போன கர்தினால் குய்தோ, அப்பம் உயர்த்தப்படும்போது மணி அடிக்க வேண்டும், கேட்டதும் மக்கள் பணிந்து வணங்க வேண்டும் என்று கட்டளையிட்டதாக அந்த நூற்றாண்டின் துறவி ஹைஸ்டர்பாக் சிசேரியுஸ் எழுதி வைத்திருக்கிறார். அப்போதைய கோயிலை மனதில் கொண்டுவந்தால் இதன் தேவை புரியும். குரு பீடத்தைப் பார்த்து நிற்கிறார், முதுகு மக்கள் பக்கம். மன்றாட்டைத் தாழ்ந்த குரலில், இலத்தீனில் சொல்கிறார். பல கோயில்களில் பீடப்பகுதிக்கும் மக்கள் நிற்கும் பகுதிக்கும் நடுவே மரத்திலோ கல்லிலோ ஒரு தடுப்புத் திரை. மக்கள் ஒரு பக்கம் தங்கள் செபமாலையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த நிலையில் முக்கியமான அந்த நொடி எப்போது வந்தது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? மணி சொன்னது.

அதிலும் அந்தக் காலத்து மக்கள் நற்கருணை உட்கொள்வது அரிது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர் பேரவை வருடத்துக்கு ஒரு முறையாவது, பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில், வாங்க வேண்டும் என்று சட்டம் போடவேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. வாங்காதவர்களுக்குப் பார்ப்பதே பெரும் பேறு ஆயிற்று. நம் ஊரில் 'தரிசனம்' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மனநிலை. பெரிய கோயில்களில் பக்கப் பீடங்களில் ஒரே நேரத்தில் பல பூசைகள் நடக்கும். எங்கே மணி கேட்கிறதோ அங்கே ஓடுவார்கள். இங்கிலாந்தின் சீர்திருத்தப் பேராயர் கிரான்மர் 1550இல் வெளிவந்த தம் நூலில் இதைக் கிண்டல் செய்கிறார்: இருக்கையை விட்டுப் பீடத்துக்கு ஓடுகிறார்கள், ஒரு பீடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறார்கள், எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், 'இன்னும் கொஞ்சம் உயரத் தூக்குங்கள்' என்று குருவிடமே சொல்கிறார்கள் என்று. எதிர்த்தரப்பு சாட்சி, கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் ஓடினார்கள் என்பதை மற்றச் சான்றுகளும் சொல்கின்றன.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. 1281இல் இங்கிலாந்தின் லாம்பெத்தில் கூடிய சங்கத்தில் கேன்டர்பரி பேராயர் ஜான் பெக்கம், அப்பம் உயர்த்தப்படும் வேளையில் பெரிய மணியையும் அடிக்கச் சொன்னார். தினமும் பூசைக்கு வர முடியாதவர்கள் வயலில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அந்த இடத்திலேயே முழந்தாளிடட்டும் என்பது அவர் சொன்ன காரணம். உள்ளே இருப்பவர்களுக்குக் கைமணி, வெளியே வேலையில் இருப்பவர்களுக்குக் கூரைமேல் மணி. அதற்காகவே பீடப்பகுதியின் கூரை முகட்டில் ஒரு சின்ன மணிக்கூடு கட்டிய கோயில்கள் இங்கிலாந்தில் இன்றும் நிற்கின்றன. அதே கோயில்கள் சிலவற்றில் பீடப்பகுதிச் சுவரில் மிகத் தாழ்வாக ஒரு ஜன்னல் இருக்கும். அதன் வழியே கையை நீட்டி மணி அடித்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்க்க வைத்தது என்றும் சொல்வார்கள். இரண்டுமே ஊகம், நிரூபணம் இல்லை. மணிக்கூடு உறுதியான செய்தி, ஜன்னல் கதை அப்படியல்ல.

ஆரம்பத்தில் உயர்த்தியது அப்பத்தை மட்டும்தான். கிண்ணத்தை உயர்த்துவது மெதுவாகத்தான் பரவியது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம். 1570இல் போப் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலோடு அது எங்கும் நிலைபெற்றது. 1960களின் இறுதிவரை புழங்கிய அந்த முறையில் ஒவ்வோர் உயர்த்தலுக்கும் மும்முறை, அல்லது தொடர்ச்சியாக, அடிக்கலாம் என்று விதி இருந்தது. மும்முறை என்பதற்கு மூவொரு கடவுளைக் காரணமாகச் சொல்வார்கள். ஞாயிறு மறைக்கல்வியில் நீங்களும் கேட்டிருக்கலாம். அழகான விளக்கம்தான், ஆனால் பின்னால் ஒட்டவைத்தது என்றே நினைக்கிறேன். பழைய முறையில் குரு வார்த்தைகளைச் சொன்னதும் ஒரு முறை முழந்தாளிடுவார், எழுந்து உயர்த்துவார், இறக்கிவைத்து மறுபடி முழந்தாளிடுவார். மூன்று அசைவு, மூன்று மணி. இப்போதைய முறையில் முதல் முழந்தாளிடல் இல்லை. ஆனாலும் மூன்று மணி என்ற பழக்கம் தங்கிவிட்டது. பழைய முறையில் இன்னொரு நுட்பமும் உண்டு: நற்கருணை ஏற்கெனவே ஆராதனைக்கு ஸ்தாபகம் செய்யப்பட்டிருக்கும், அதாவது எல்லாரும் பார்த்து வணங்கும்படி பீடத்தில் வைக்கப்பட்டிருக்கும் வேளையில் அதே கோயிலில் மற்றப் பீடங்களில் பூசை நடந்தால் மணி அடிக்க மாட்டார்கள். ஆராதனையில் இருப்பவர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பதற்காக. மணி கவனத்துக்கான கருவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

உங்கள் மரபில் இது ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி.எஸ்.ஐ. 1947இல் உருவானபோது அதில் இணைந்தவற்றுள் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. அந்தச் சபையின் 1549 செப நூல், அப்பத்தை உயர்த்தவோ மக்களுக்குக் காட்டவோ கூடாது என்று தெளிவாக எழுதியது. பின்னால் வந்த 39 விசுவாசக் கோட்பாடுகளில் 28ஆவது, நற்கருணையைப் பத்திரப்படுத்தி வைப்பதும் சுமந்து திரிவதும் உயர்த்துவதும் வணங்குவதும் கிறிஸ்து ஏற்படுத்தியதல்ல என்கிறது. உயர்த்துவதே போனபின் மணிக்கு வேலை ஏது? 1566இல் லிங்கன்ஷயர் பகுதியில் கோயில் சாமான்களைக் கணக்கெடுத்த ஏடுகளைப் பார்த்தால், அந்தச் சின்ன மணிகள் எங்கெங்கே போயின என்று தெரியும்: சில விற்கப்பட்டு உருக்கப்பட்டன, சில ஆடுமாடுகளின் கழுத்துக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் எழுந்த இயக்கத்துக்குப் பிறகு ஆங்கிலிக்கன் சபையின் ஒரு சாரார் மணியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால் லண்டனில் சில ஆங்கிலிக்கன் கோயில்களில் கத்தோலிக்கக் கோயிலைவிட அதிக மணி கேட்கலாம். லூத்தர் இவ்வளவு அவசரப்படவில்லை. 1526இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் வழிபாட்டு முறையில் உயர்த்திக் காட்டுவதை வைத்திருந்தார். விட்டன்பர்கில் அது நின்றது 1542இல்தான்.

சரி, இந்துக் கோயில் மணி. இதில் என் பதில் உறுதியாக 'இல்லை'. மேலே சொன்ன ஆணைகள் எல்லாம் 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைச் சேர்ந்தவை. போர்ச்சுகீசியர் இந்தியாவுக்கு வரும் முன்பே வழக்கம் முற்றிவிட்டது. வந்தவர்கள் அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். நோக்கமும் வேறு. பூஜையில் மணி அடிக்கும்போது சொல்லும் வடமொழிச் சுலோகம் தெய்வங்களை வரவழைக்கவும் தீய சக்திகளை விரட்டவும் அடிப்பதாகச் சொல்கிறது. திருப்பலி நூலின் மணியோ மக்களுக்கான அடையாளம். கடவுளை அழைப்பதற்கோ பேயை விரட்டுவதற்கோ அல்ல. கிறிஸ்தவ மணிகளுக்கு விரட்டும் வேலை எந்தக் காலத்திலும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவின் கோபுர மணிகளில் 'உயிரோடிருப்போரை அழைக்கிறேன், இறந்தோருக்கு அழுகிறேன், இடியை முறிக்கிறேன்' என்று பொறித்திருப்பார்கள்; புயலடிக்கும்போது அவற்றை அடிப்பதும் உண்டு. அது கோபுரத்தின் கதை. பீடத்து மணி அந்த வம்சம் இல்லை.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தில் கைமணி என்றதும் நினைவுக்கு வரவேண்டியவர் பிரான்சிஸ் சவேரியார். 1542 மே மாதம் கோவாவில் இறங்கிய அவர், தெருத்தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளையும் அடிமைகளையும் மறைக்கல்விக்குக் கூட்டினார். அதே வருடம் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். செபங்களை அங்கிருந்தவர்களின் துணையோடு தமிழில் ஆக்கியதையும், மணியைக் கையில் எடுத்து ஊர் முழுக்கச் சுற்றி ஆண்களையும் சிறுவர்களையும் சேர்த்ததையும் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். இது பூசை மணி அல்ல, பள்ளி மணி மாதிரி. ஆனால் நம் கடற்கரை ஊர்களில் 'மணி அடித்தால் கூடவேண்டும்' என்ற பழக்கத்துக்கு இதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. கணிப்புதான், ஆதாரம் கேட்டால் தர இயலாது.

உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் தவறில்லை. இந்திய வழிபாட்டு மரபிலிருந்து வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டவை கத்தோலிக்கப் பூசையில் உண்டு, அவற்றுள் ஒன்று ஆரத்தி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இந்திய ஆயர்கள் கேட்டு, 1969 ஏப்ரலில் உரோமை 12 தழுவல்களை அனுமதித்தது. கைகூப்பி வணங்குவது, எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, பூவும் தூபமும் தீபமும் கொண்டு ஆரத்தி எடுப்பது எல்லாம் அதில் அடக்கம். சிலர் அதை விரும்பி ஏற்றார்கள், சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். இன்றும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. நற்கருணை மன்றாட்டின் முடிவில், 'இவர் வழியாக இவரோடு' என்று குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது மூன்று பெண்கள் தட்டோடு வந்து ஆரத்தி எடுப்பதைப் பெரிய விழாக்களில் பார்க்கலாம். அப்போது பீடச்சிறுவன் மணியையும் சேர்த்து அடிப்பான். தீபம், பூ, மணி மூன்றும் ஒன்றாக வரும்போது பார்ப்பவருக்குத் தீபாராதனை ஞாபகம் வரத்தான் செய்யும். ஆரத்தி இங்கிருந்து வந்தது, மணி அங்கிருந்து வந்தது. இரண்டும் நம் ஊர்ப் பீடத்தில் சந்தித்துக்கொண்டன.

விவிலியத்தில் மணிக்கு ஆதாரம் உண்டா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். விடுதலைப் பயண நூல் 28ஆம் அதிகாரத்தில் ஆரோனின் அங்கியின் விளிம்பில் பொன் மணிகள் தொங்கின, தூயகத்துக்குள் அவர் போகும்போதும் வரும்போதும் ஓசை கேட்க வேண்டும் என்று வருகிறது. இதைக் காட்டி 'அங்கிருந்துதான் வந்தது' என்று பல சிறு நூல்கள் எழுதிவிடுகின்றன. ஆனால் ஆரோனின் அங்கிக்கும் கொலோனின் கைமணிக்கும் இடையே இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. நடுவில் தொடர்ச்சி எதுவும் இல்லை. தியானத்துக்கு நல்ல வசனம். வரலாற்றுச் சான்றாக அதைப் பயன்படுத்த முடியாது.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். 1960களின் பிற்பகுதியிலிருந்து குரு மக்களைப் பார்த்து நிற்கிறார், தமிழில் பேசுகிறார், ஒலிபெருக்கி வேறு இருக்கிறது. தடுப்புத் திரை போய்விட்டது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாததைத் தெரிவிக்கத்தானே மணி? எல்லாம் எட்டும்போது மணி எதற்கு என்று சில குருக்கள் நிறுத்திவிட்டார்கள். வாதம் சரியானது மாதிரித் தெரியும். ஆனால் பங்குக் கோயிலில் கடைசி வரிசையில் நின்று பாருங்கள். கைக்குழந்தையை வெளியே தூக்கிப் போகும் அம்மா, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் இளைஞர் கூட்டம், காது மந்தமான தாத்தா. வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 திருவிழாப் பூசைக்குத் திறந்த வெளியில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பீடமே தெரியாது. ஒலிபெருக்கியில் குரல் எதிரொலித்துக் குழம்பும், மணி மட்டும் தெளிவாக வரும். பெக்கம் சொன்ன வயலும் வீடும் அங்கே திரும்ப வந்துவிடுகின்றன. பார்க்க முடிகிறது என்பதாலேயே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதாக நான் நம்புவதில்லை. ஆகவே பங்கில் மணி இருக்கட்டும் என்பது என் கட்சி. பத்துப் பேர் பீடத்தைச் சுற்றி நிற்கும் சிற்றாலயத்தில் வேண்டாம், அங்கே காதைக் குடையும்.

இருப்பதானால் ஒழுங்காக அடிக்க வேண்டும். பழக்கும்போது நான் பிள்ளைகளுக்கு அதிகம் திரும்பத் திரும்பச் சொல்வது, குரு பேசும்போது அடிக்காதே என்பதுதான். வார்த்தை முடியட்டும், அப்பம் மேலே போகட்டும், அப்போது அடி. முந்திக்கொண்டால் மக்கள் கேட்க வேண்டிய வார்த்தைகளையே மணி விழுங்கிவிடும். குரு அப்பத்தின் மேலும் கிண்ணத்தின் மேலும் கைகளை விரித்துத் தூய ஆவியாரை வேண்டும்போது முதல் மணி. அது ஒரே ஒரு சின்ன அடி போதும். முழங்கையை ஆட்டாமல் மணிக்கட்டால் அடிக்க வேண்டும். நாலு குமிழ் சேர்ந்த பித்தளை மணியானால் எடுக்கும்போதும் வைக்கும்போதும் தானாகச் சிணுங்கும், அதனால் உள்ளங்கையால் குமிழ்களை அணைத்துப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், துணி விரித்த இடத்தில்தான் வைக்க வேண்டும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நாதம் அடங்க நேரம் கொடுக்க வேண்டும். ஐஸ் வண்டி வந்ததுபோல விடாமல் கிலுக்கும் பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மைக்கை மணிக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கம் கூடவே கூடாது. பித்தளையின் கூர்மையான ஓசையை ஒலிபெருக்கி அலறலாக்கிவிடும், இரண்டடி தள்ளி வைத்தாலே போதும். கீபோர்டில் பதிவு செய்த மணியோசையை ஒரு பொத்தானைத் தட்டி விடுகிற புது நாகரிகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. கீபோர்டு என்றதும் இன்னொன்று: அந்த வார்த்தைகளைக் குரு சொல்லும்போது பின்னணியில் மெல்ல வாசித்துக்கொண்டே இருப்பார்கள். அதே பொதுப் படிப்பினையின் 32ஆம் எண் குரு தலைமை மன்றாட்டுகளைச் சொல்லும்போது வேறு செபமோ பாட்டோ வேண்டாம், இசைக்கருவிகளும் அமைதியாக இருக்கட்டும் என்கிறது. மணி மட்டும் தப்பிப்பது அது வார்த்தைகளின் மேல் விழாமல், வார்த்தை முடிந்த இடத்தில் வருவதால்.

வருடத்தில் சில நாள் மணி அறவே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய வியாழன் மாலைப் பூசையில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம் பாடும்போது கைமணி, கோபுர மணி எல்லாவற்றையும் அடிப்பார்கள். அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆயர் வேறு விதமாகச் சொன்னாலொழிய, ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி வானவர் கீதம் பாடும்வரை எந்த மணியும் அசையாது. அந்த இடைவெளியில் உயர்த்தும் வேளைக்குச் சில இடங்களில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். நூலில் அதற்குக் கட்டளை எதுவும் இல்லை, வழக்கம்தான்.

கடைசியாக, மணி என்றால் கத்தோலிக்கர் எல்லாரும் ஒரே முறையில் அடிப்பதாக நினைக்க வேண்டாம். மேலே சொன்னது முழுக்க இலத்தீன் முறை. கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கும் சிரிய மரபுக் கோயில்களில் அடையாளங்கள் வேறு. மேற்குச் சிரிய மரபில் வந்த மலங்கரைக் கோயில்களில் நீண்ட கோலின் முனையில் வட்டமான உலோகத் தகடு, அதன் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன மணிகள், மர்வஹ்ஸா என்பார்கள். இறைவனைச் சூழ்ந்து நிற்கும் செராபீன்கள் என்ற வானதூதர்களின் சிறகோசையை அது குறிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஒரு நொடியைச் சுட்டிவிட்டு நின்றுவிடாமல், வழிபாட்டின் பல இடங்களில் அதைக் குலுக்குகிறார்கள். எந்தெந்த இடம், ஏன் என்பதை வெளியாளான நான் சொல்வதைவிட, மார்த்தாண்டம் பக்கம் போகும்போது ஒரு ஞாயிறு காலை மலங்கரைக் கோயில் ஒன்றில் வழிபாட்டைப் பார்த்துவிட்டு, முடிந்தபின் அங்கே இருக்கும் குருவிடமே கேட்பது நல்லது. வழிபாடு தமிழில்தான் நடக்கிறது, உங்களுக்குச் சிரமம் இருக்காது.